முட்டி வகுப்பும் ஜீப்பின் கடைசிப் பலகையும்

என் ஜீப்பின் பின்பக்கம், இறங்கும் வாசலை ஒட்டி ஒரு பலகை இருக்கிறது. அதில் கங்காணியைத் தவிர வேறு யாரும் உட்காரக் கூடாது. நான் போட்ட சட்டமில்லை இது. எனக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டியவர் காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். ஆட்களை எல்லாம் ஏற்றிவிட்டு, தலைகளை எண்ணிவிட்டு, கடைசியாக ஏறுகிறவர் கங்காணி. தோட்டத்தில் முதலில் இறங்குகிறவரும் அவர்தான். அவர் அந்தப் பலகையில் உட்கார்ந்து, பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். அந்த டிரைவர் நான். பெயர் சுருளிராஜன். ஊரில் கோபக்காரன் என்று பெயர் வாங்கியவன்.

எங்கள் கங்காணி பாண்டீஸ்வரி அக்கா. சுருளிப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த புதிதிலேயே கேரளா எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் பறிக்கப் போனவர். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்கிற சாமான் இல்லை. அடித்தூரில், மண்ணோடு படர்ந்து கிடக்கிற சரத்தில் காய்க்கும். குத்தவைத்து உட்கார்ந்து, தவ்வித் தவ்வி அடுத்த தூருக்குப் போய், ஈரத்திலேயே பொழுது போகும். புருஷன் செத்ததும் அந்த வேலையை வைத்தே மகளைப் படிக்கவைத்து, திருப்பூரில் கட்டிக்கொடுத்தார். குரல் இருக்கிறதே, அது தனி. இந்தச் சரிவில் நின்று கூப்பிட்டால் அடுத்த சரிவில் அயர்ந்து உட்கார்ந்திருக்கிறவள் எழுந்துவிடுவாள். அந்தக் குரலைப் பார்த்துத்தான் கங்காணி ஆக்கினார்கள் என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

அப்படிப்பட்ட அக்காவுக்கு முட்டி போனது. இரண்டுமே தேய்ந்துவிட்டன, வலது ரொம்ப மோசம் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். முதலில் ஜீப்பில் ஏறக் கை கொடுத்தோம். பிறகு இரண்டு பெண்கள் மேலிருந்து இழுக்க, இரண்டு பேர் கீழிருந்து தள்ள வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு நாள் நானே முன்கதவைத் திறந்து, என் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னேன். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“ஏலே சுருளி, நான் என்ன கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தியா, முன்னாடி உக்காந்து வர்றதுக்கு?”

ஆனாலும் உட்கார்ந்தார். வேறு வழியில்லை. கடைசிப் பலகை காலியாகவே கிடந்தது. அதில் ஒரு சாக்குப்பை வைக்கக்கூட யாரும் துணியவில்லை.

தோட்டத்து சூப்பர்வைசர் ஜோமோன் கெட்டவர் இல்லை, ஆனால் கணக்கானவர். சரிவில் ஏறி இறங்கி ஆட்களைப் பார்க்க முடியாத கங்காணியை வைத்து அவர் என்ன செய்வார்? ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

“சேச்சி, ஆபரேஷனோ என்னவோ செஞ்சுட்டு வாங்க. தீபாவளி வரைக்கும் நோக்காம், பொறுத்துப் பாக்கலாம். அதுக்குள்ள பின்னாடி ஏறி வர முடியலேன்னா, வேற கங்காணிய வைக்கணும். எனக்கு வேற வழியில்ல.”

அன்றைக்கு மலையிறங்கும்போது அக்கா முட்டியைத் தடவிக்கொண்டே வந்தார். கம்பம் வந்ததும், “மதுரையில தேதி குடுக்கச் சொல்லிருவோம்” என்றார்.

முதலில் வலது முட்டிக்கு, ஆனி மாதத்தில் செய்யத் தேதி கிடைத்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். முட்டி மாற்றிக்கொள்ளப் போகிறவர்கள் முன்கூட்டியே வகுப்பில் சேர வேண்டும். மதுரைக்கு வர வேண்டாம், செல்போனிலேயே வகுப்பு. செவ்வாய், வெள்ளி சாயங்காலம். கூடவே ஒரு துணையாளும் படிக்க வேண்டும். அக்காவிடம் இருந்தது பட்டன் போன். மகளோ கைக்குழந்தைக்காரி. எங்கள் ஜீப்பிலேயே வாய் நீளமான ஜோதிகா, தன் பெரிய போனைத் தூக்கிக் காட்டி, “நாந்தேன் துணையாளு, எவளும் போட்டிக்கு வரக் கூடாது” என்று அறிவித்துவிட்டாள்.

வகுப்பு நேரம், நாங்கள் மலையிறங்குகிற நேரம்! செக்போஸ்ட் தாண்டினால் கேரளா சிக்னல் போய்விடும், தமிழ்நாட்டு சிக்னல் வராது. கம்பம் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிகிற ஒரு வளைவில் மட்டும் போன் நன்றாக எடுக்கும். ஆக, வாரத்தில் இரண்டு நாள் நான் அந்த வளைவில் ஓரங்கட்டி, வகுப்பு முடியும்வரை காத்துக் கிடக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வீட்டுல சோறு தண்ணி இல்லையா உங்களுக்கெல்லாம்?” என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? எல்லாரும் ஜோதிகாவின் போனுக்கு மேல் கவிழ்ந்துவிட்டார்கள்.

வகுப்பெடுத்தவர் ஜெஸ்லின் என்ற பிசியோதெரபி டாக்டர். தேனிப் பெண், சின்ன வயசு. திரையில் வந்ததும் சிரித்தார்.

“பாண்டீஸ்வரி அக்கா யாரு? உங்க துணையாள் யாரு?”

“நான்!” என்று ஜீப்பே கத்தியது.

“ஒருத்தர் போதும் அக்கா” என்றார் ஜெஸ்லின்.

அதே வகுப்பில் வடுகபட்டியிலிருந்து சுந்தரலிங்கம் என்று ஒருவர். பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சலவைச் சட்டை, பின்னால் புத்தக அலமாரி, அசையாத முகம். எங்கள் ஜீப்பைப் பார்த்து அவர் மிரண்டது திரையிலேயே தெரிந்தது.

முதல் நாள் ஜெஸ்லின் ஒரு பிளாஸ்டிக் முட்டியைக் கையில் எடுத்துக் காட்டினார். “முட்டிய அப்படியே வெட்டி எறிஞ்சிட்டுப் புதுசா மாட்டுறதில்ல. தேஞ்சு போன மேல்பரப்ப மட்டும் மெல்லிசா சீவி எடுத்துட்டு, அதுக்கு உலோகத்துல உறை போடுறோம். நடுவுல வழவழன்னு ஒரு பிளாஸ்டிக். அவ்வளவுதான்.”

ஜீப்புக்குள் பெருமூச்சு கேட்டது. அக்காவின் காலையே எடுத்துவிட்டுக் கட்டையை வைப்பார்கள் என்றுதான் அதுவரை பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். முன்சீட்டிலிருந்து முதல் கேள்வியைக் கேட்டதும் நானாகவே இருந்தேன்: “அது துருப்பிடிக்காதா டாக்டர்?” பின்னால் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “நல்ல கேள்வி, பிடிக்காது” என்றார் ஜெஸ்லின். அதற்குப் பிறகு நான் கத்துவதை நிறுத்திக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பாடம் நடத்தினார்.

அடுத்தடுத்த வகுப்புகளில் பாடம் சூடுபிடித்தது. காலை நீட்டி, பாதத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். தொடையை இறுக்கி, முட்டியைக் கீழே அழுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே தொடையில் பலம் ஏற்றினால் பிறகு எழுந்து நடக்க லேசாக இருக்குமாம். அக்காவுக்குச் சொன்னதை ஜீப்பில் எல்லாப் பெண்களும் செய்தார்கள். வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. மலைப்பாதையில் போன பஸ்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வந்தது படிக்கட்டுப் பாடம்.

“இத மட்டும் மறக்கவே கூடாது. படி ஏறும்போது நல்ல கால் முன்னால. இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால.”

அதைப் பிடித்துக்கொண்டார்கள்! மறுநாள் ஏலச் செடிகளுக்கு நடுவில் யாராவது ஒருத்தி, “ஏறும்போது?” என்று கேட்பாள். சரிவு முழுக்க, “நல்ல கால் முன்னால!” என்று பதில் வரும். “இறங்கும்போது?” என்றால் அதற்கும் வரும். ஜோமோனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று பயந்து என்னிடம் வந்து விசாரித்தார்.

வீட்டைத் தயார் செய்கிற பாடம் நடந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் கும்பலாக அக்கா வீட்டுக்குள் புகுந்தார்கள். தரையில் கிடந்த பாயைச் சுருட்டினார்கள். அடுப்பு மேடைக்குச் சாமான்களை ஏற்றினார்கள். கட்டில் தாழ்வாக இருக்கக் கூடாது என்று ஜெஸ்லின் சொல்லியிருந்தார் அல்லவா, நான்கு காலுக்கும் செங்கல் அடுக்கினார்கள். ஆர்வத்தில் அடுக்கிக்கொண்டே போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஜோதிகா பெருமையாக போட்டோ காட்டினாள். ஜெஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கட்டில் நல்லாத்தான் இருக்கு ஜோதிகா. ஆனா அதுல ஏற அக்காவுக்கு ஒரு ஏணி வேணும். பாதி செங்கல எடுத்துருங்க.”

சுந்தரலிங்கம் ஐயா அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.

அதே வகுப்பில் எனக்கு ஓர் அவமானமும் நடந்தது. ஆபரேஷன் முடிந்து எந்த வண்டியில் வீட்டுக்குப் போவீர்கள் என்று ஜெஸ்லின் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, “நம்ம ஜீப்பு இருக்கு” என்றேன். பின்பக்கத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். “இதுலயா? வேண்டவே வேண்டாம்ணே. உயரமான கார் ஏதாவது பாருங்க” என்றார். என் வண்டியை அப்படி ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்கு நான் வளைவில் இன்ஜினைக் கொஞ்சம் உறுமவிட்டுத்தான் கிளப்பினேன்.

இப்படி ஆட்டமும் பாட்டமுமாகப் போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. ஆனி பிறந்ததும் தோட்டம் சொதசொதவென்று ஆகிவிட்டது. அக்கா வீட்டில் இருக்கவில்லை. நன்றாக நடமாடச் சொல்லி ஜெஸ்லினே சொல்லியிருந்ததால், மேட்டுப் பகுதிக்குப் போகாமல் உலர்த்தும் கொட்டகைப் பக்கம் நின்றே வேலையைப் பார்த்தார். ஆபரேஷனுக்கு முந்தின வாரம், கடைசி வகுப்பு. எல்லாரும் பரபரப்பாக இருந்தோம். ஜோதிகா வழியிலேயே கேள்வி கேட்டுக் கேட்டு அக்காவைத் தயார் செய்தாள். ஜெஸ்லின் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் உண்டா, பல் வலி உண்டா, சிறுநீர் கடுப்பு உண்டா. எதுவும் இல்லை.

“உடம்புல எங்கயாவது புண்ணு, கீறல், கொப்புளம்?”

“ஒண்ணுமில்ல தாயி, உடம்பு சுத்தமா இருக்கு” என்றார் அக்கா.

“ஒண்ணுமில்ல!” என்று ஜீப்பும் சாட்சி சொன்னது.

சுந்தரலிங்கம் ஐயா மட்டும் கையைத் தூக்கி, முகம் மழிக்கும்போது தாடையில் லேசாக வெட்டிவிட்டது என்று கவலைப்பட்டார். “அதையெல்லாம் போய்ச் சொல்றாரு பாரு” என்று அக்கா ஜோதிகாவின் விலாவில் இடித்தார். ஜெஸ்லின் அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, “அக்கா, சும்மா ஒரு தடவ போன காலுக்குக் கொண்டு போங்க, பார்த்துருவோம்” என்றார்.

ஜோதிகா போனைக் கீழே இறக்கினாள். ஜெஸ்லின் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

“அக்கா, இதெல்லாம் என்ன?”

“எது?”

“இந்தப் புள்ளி புள்ளியா, சிவப்பா.”

“அட, அது அட்டை கடிச்சது” என்றார் அக்கா. “மழைக்கு வரும். உப்புத் தடவுனா விழுந்துரும்.”

“முட்டிக்குக் கீழ ஒண்ணு வீங்கிச் சீழ் கட்டியிருக்கு பாருங்க! புண்ணு இருக்கான்னு கேட்டேனே அக்கா?”

“அட்டைக் கடியப் போயி எவளாச்சும் புண்ணும்பாளா?” என்றார் அக்கா. கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அதுதான் விஷயம். மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற கால்களில் அட்டைத் தழும்பு இல்லாத கால் கிடையாது. அதைப் புண் என்று சொன்னால் நாங்கள் ஆயுசு முழுக்கப் புண்ணோடுதான் இருக்கிறோம் என்றாகும். அந்த ஜீப்பில் ஒருவருக்கும் அது மனசில் தட்டவில்லை. ஜெஸ்லினுக்கோ அட்டை என்று ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது. தோலில் சீழ் இருந்தால் அது உள்ளே இறங்கிப் புது முட்டியையே கெடுத்துவிடும் என்று அவர் எடுத்துச் சொன்னார். பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டு அன்றைக்கே திரும்ப அழைத்தார். ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. புண்ணெல்லாம் முழுசாக ஆறின பிறகு, ஆடியில் வேறு தேதி தருவார்கள்.

அக்கா அழவில்லை. முன்சீட்டில் வந்து உட்கார்ந்து, கம்பம்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் இறங்கும்போது கேட்டார்.

“ஏலே சுருளி, தீபாவளிக்குள்ள ஆயிருமாலே?”

ஆனியில் செய்திருந்தால் தாராளமாக ஆகியிருக்கும். ஆடி என்றால் இழுத்துப் பிடிக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அவர் தெருவுக்குள் ஆடி ஆடி நடந்து மறைந்ததும், நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஜெஸ்லினே போன் செய்து, கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் போனது தன் தவறும்தான் என்றார். அதிலிருந்து அவருடைய வகுப்பில், “அட்டை கடிச்சிருக்கா?” என்று எல்லாரையும் கேட்கிறார். மலையே ஏறாத தேனிக் கடைக்காரர்கள்கூட அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆடியில் தேதி என்றதும் பெண்களுக்குள் குசுகுசுப்பு. ஆடியில் போய் யாராவது ஆரம்பிப்பார்களா? அக்கா ஒரே போடாகப் போட்டார்.

“ஆடியில கல்யாணந்தான் பண்ணக் கூடாது. நான் என்ன மாப்பிள்ளையா பாக்கப் போறேன்? சும்மா கெடங்கடி.”

புண் ஆறும்வரை தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு. அக்காவா சும்மா இருப்பார்? மகளிடம் சண்டை போட்டு ஒரு பெரிய போன் வாங்கி அனுப்பச் செய்தார். வகுப்பில் பழகின வித்தையை எங்கள் மேலேயே திருப்பினார். ஜோதிகா மேட்டில் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பாள். அக்கா சுருளிப்பட்டியில் நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை ஆட்டிக்கொண்டே மேற்பார்வை பார்ப்பார். “ஏத்தா, அங்கன யாரு உக்காந்து கத பேசுறது? பச்சக் காயப் பறிக்காதீகடி! இங்கிட்டு இந்தத் தூர விட்டுட்டுப் போறா பாரு!” முதல் நாள் அந்தக் குரல் செடிகளுக்குள்ளிருந்து வந்ததும் ஜோமோன் துள்ளிவிட்டார். “சேச்சி எவிடெ?” என்று சுற்றிச் சுற்றித் தேடினார்.

இதற்கிடையில் சுந்தரலிங்கம் ஐயாவுக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஜோதிகா லீவு போட்டு அக்கா வீட்டில் இருந்த ஒரு நாள், தேதி தள்ளிப்போனதால் தொடர்ந்த வகுப்பில் அவர் தம் வீட்டு ஹாலில் வாக்கரைப் பிடித்து நடந்து காட்டினார். அதே சலவைச் சட்டை. அக்கா திரையை மூக்கோடு மூக்காக வைத்துப் பார்த்தார். “நடக்குறாருடி! அந்த மனுசன் நடக்குறாருடி!” என்று ஜோதிகாவின் கையைக் கிள்ளியே விட்டார். அவரிடம் கேட்காத கேள்வியில்லை. வலி எப்படி, தூக்கம் எப்படி, ராத்திரியில் கால் குடையுமா. அந்த மனிதரும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், “அம்மா, நான் பயந்த அளவுக்கு இல்லை. நீங்கள் பயப்படவே மாட்டீர்கள்” என்றார். அதை அக்கா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆடியில் ஆபரேஷன் நடந்தது. ஜோதிகா மதுரையில் அக்காவோடு இருந்தாள். நாங்கள் அதே வளைவில் வண்டியை நிறுத்தி, என் போனைப் பார்த்தபடி காத்திருந்தோம். அன்றைக்கு வகுப்பு இல்லை, ஆனாலும் ஒருவரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. போன் வந்தது. திரையில் முகம் இல்லை. வெள்ளைப் போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். ஒன்று கட்டுப் போட்ட காலின் பாதம். அது மெல்ல முன்னால் போனது, பின்னால் வந்தது. மறுபடியும் முன்னால் போனது.

பெண்கள் போட்ட சத்தத்தில் குரங்குகள் மரத்தைவிட்டு ஓடின. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மறுநாளே எழுப்பி நிற்கவைத்தார்கள். நர்ஸ் சொல்வதற்கு முன்னாலேயே அக்கா பயிற்சிகளைச் செய்தாராம். “இவுங்க எங்கேயோ படிச்சிட்டு வந்திருக்காங்க” என்று நர்ஸ் சொன்னதாக ஜோதிகா நூறு தடவை சொல்லிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு அக்காவே பிளாஸ்டிக் முட்டிப் பாடத்தைத் திரும்ப நடத்தினாராம். வீட்டுக்கு வந்தது என் ஜீப்பில் இல்லை, வாடகைக் காரில்தான். அதை நான் மன்னித்துவிட்டேன்.

வலிக்காது என்று வகுப்பில் யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. வலித்தது. முட்டியை மடக்குகிற பயிற்சியில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, ஜெஸ்லினைத் திட்டிக்கொண்டே மடக்கினார். ஜெஸ்லின் திரையில் சிரித்துக்கொண்டே, “திட்டுங்க, ஆனா இன்னும் கொஞ்சம் மடக்குங்க” என்பார். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. தண்ணீர்த் தொட்டியின் படிகளில் ஏறி இறங்கிப் பழகினார். நல்ல கால் முன்னால். ஆபரேஷன் கால் முன்னால். நான் கம்பத்து வெல்டிங் பட்டறையில் சொல்லி ஜீப்பின் பின்னால் கூடுதலாக ஒரு படியும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்தேன். இரண்டையும் போட்டோ எடுத்து ஜெஸ்லினுக்கே அனுப்பினேன். “சூப்பர்ணே” என்று பதில் வந்தது. அந்தப் பதிலை இன்னும் அழிக்கவில்லை.

ஜெஸ்லின் கடைசியாகப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்றார். குத்தவைத்து உட்காரக் கூடாது, சுமை தூக்கக் கூடாது, நின்று மேற்பார்வை மட்டும் பார்க்கலாம், அட்டைக்கு முழங்கால்வரை துணி உறை போட்டே தீர வேண்டும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்த வாரமே ஜோமோன் எனக்குப் போன் செய்தார். தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை, புதுக் கங்காணியாகக் கூடலூர் ராக்கையாவை வரச் சொல்லியிருக்கிறாராம். பாண்டீஸ்வரி சேச்சி அன்றைக்குப் பின்னால் ஏறி வந்தால் ராக்கையா வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார். முன்சீட்டில் வந்தால் ராக்கையாதான் கங்காணி.

திங்கட்கிழமை விடிகிற நேரம். அக்கா கைத்தடியோடு தெருமுனையில் வந்தார். காலில் துணி உறை, தலையில் துண்டு. பழக்க தோஷத்தில் நான் முன்கதவைத் திறந்துவிட்டேன். ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். அப்படியே சாத்திவிட்டேன்.

பின்னால் போய் நின்று ஆட்களை ஏற்றினார். தலையை எண்ணினார். கைத்தடியை ஜோதிகாவிடம் நீட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்தார். ஜீப்புக்குள்ளிருந்து எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“நல்ல கால் முன்னால!”

அக்கா இடது காலைத் தூக்கிப் படியில் வைத்தார். இத்தனை மாதமாகத் தொட்டிப் படியில் பழகின அதே இடது கால். ஆனால் ஜீப்பின் படி தொட்டிப் படியைவிட உயரம். உடம்பை மேலே எழுப்பியதும் அந்தக் கால் வெடவெடவென்று நடுங்கியது. ஏற முடியவில்லை. காலைக் கீழே இறக்கிவிட்டார்.

இழுக்கலாமா என்று ஜோதிகா கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார். குனிந்து தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏண்டி ஜோதிகா,” என்றார் மெதுவாக. “இதுல எதுடி இப்ப நல்ல காலு?”

ஜோதிகாவும் குனிந்து பார்த்தாள்.

அக்கா வலது காலைத் தூக்கினார். ஆபரேஷன் செய்த கால். படியில் வைத்து, கம்பியை இறுக்கி, ஒரே எழும்பில் உள்ளே போய்விட்டார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா கடைசிப் பலகையில் உட்கார்ந்து, சேலையை இழுத்துச் சொருகி, தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

“என்னலே பாத்துக்கிட்டே இருக்க? வண்டிய எடு.”

எடுத்தேன்.